சம்பளம் கருவூலத்திலிருந்து, அதிகாரம் ஆயர் இல்லத்திலிருந்தா?

திருவனந்தபுரம் நாலாஞ்சிறைக் குன்றின்மீது 1949-இல் மார் இவானியோஸ் கல்லூரி தொடங்கப்பட்டது. ஸ்ரீகாரியத்தில் இயேசு சபையினரின் லயோலா சமூக அறிவியல் கல்லூரி 1963-இலும், நகரின் மேற்கே கடற்கரைக்கு அருகில் பெண்களுக்கான ஆல் செயின்ட்ஸ் கல்லூரி 1964-இலும் எழுந்தன. கேரளத் தலைநகரின் உயர்கல்வி வரலாற்றை எழுத முனையும் எவரும் இந்தக் கல்லூரிகளைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. அங்கே படித்து வெளியேறியவர்களில் எல்லா மதத்தினரும் உண்டு, மத நம்பிக்கை இல்லாதோரும் உண்டு, இடதுசாரி இயக்கத்தின் ஊழியர்களும் உண்டு.

இத்தகைய நிறுவனங்களின் விழா மேடைகளிலும் ஆயர்களின் சுற்றுமடல்களிலும் தவறாமல் ஒலிக்கும் ஒரு சொல் ‘விழுமியம்’. உயர்கல்வி வெறும் பட்டம் வழங்கும் தொழிலாகிவிடக் கூடாது, கத்தோலிக்க நம்பிக்கையும் அது போற்றும் நீதி, இரக்கம், மனித மாண்பு ஆகிய விழுமியங்களும் அதை வழிநடத்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். நீதியையும் இரக்கத்தையும் எவரும் எதிர்க்கப் போவதில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் விழுமியத்தை அதன் முகப்பில் பொறிக்கப்பட்ட வாசகத்தைக் கொண்டு அளக்க முடியாது. அதன் வாசலில் யார் அனுமதிக்கப்படுகிறார்கள், அதன் வகுப்பறையில் ஆசிரியராக யார் நியமிக்கப்படுகிறார்கள், நெருக்கடி வரும்போது யார் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளே அதற்கான அளவுகோல். கேரளத்தின் கடந்த எழுபது ஆண்டு அனுபவம் இம்மூன்றுக்கும் தரும் விடைகள் ஆயர் இல்லங்களுக்கு உவப்பானவை அல்ல.

மறுக்க முடியாத பங்களிப்பு

நியாயமான விவாதம் நன்றிக்குரியதை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும். சாதியின் பெயரால் எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த மண்ணில் கிறித்தவப் பள்ளிகள் பல வாசல்களைத் திறந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோவில் தோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று கத்தோலிக்கத் துறவி குரியாகோஸ் எலியாஸ் சாவரா வற்புறுத்தினார். 2014-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. கேரளத்தின் எழுத்தறிவில் அந்த உழைப்புக்கு உரிய இடம் உண்டு.

ஆனால் கேரளத்தின் கல்வி வளர்ச்சி முழுவதும் மதகுருமார்களின் கொடை என்பது பாதி வரலாறு மட்டுமே. புலையர் குழந்தைகளுக்குப் பள்ளியில் இடம் கேட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தின் சுற்றுப்புறங்களில் வயல்வேலையை நிறுத்தி அய்யன்காளியின் தலைமையில் நடந்த போராட்டம் மறுபாதி. ஸ்ரீ நாராயண குருவின் இயக்கமும், பின்னர் விவசாயிகள், தொழிலாளர்கள், ஆசிரியர்கள் ஆகியோரின் சங்கங்களும் சேர்ந்தே அரசைக் கல்விக்குச் செலவிட வைத்தன. கேட்டுப் பெற்ற கல்வி அது. எனவே அதன்மீது உரிமை பாராட்டும் தகுதி நிர்வாகங்களுக்கு மட்டும் உரியதல்ல.

1957: எதற்காக அந்தப் புயல்?

1957-இல் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்தவர் ஜோசப் முண்டசேரி. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், திருச்சூர் புனித தோமையார் கல்லூரியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர், மலையாள இலக்கியத்தின் முன்னணித் திறனாய்வாளர். அவர் கொண்டுவந்த கல்வி மசோதா திருச்சபைக்கு வெளியிலிருந்து வந்த ஒருவரின் வெறுப்பு அல்ல. தனியார் கல்வி நிறுவனத்துக்குள் ஆசிரியர் படும் பாட்டை உள்ளிருந்தே கண்ட ஒருவரின் தீர்வு அது.

அந்த மசோதா பள்ளிகளுக்கானது. அதன் உள்ளடக்கத்தை இன்றைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும். உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்கும் என்றது அது. அரசுப் பணியாளர் தேர்வாணையம் தயாரிக்கும் பட்டியலிலிருந்தே நிர்வாகங்கள் ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்றது 11ஆவது பிரிவு. அந்தப் பட்டியலைத் தயாரிக்கையில் அரசமைப்புச் சட்டத்தின் 16(4) பிரிவின்படியான இட ஒதுக்கீட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு கூறியது. அதாவது, மக்கள் வரிப்பணத்தில் ஊதியம் பெறும் ஆசிரியர் பணி, தலித் பட்டதாரிக்கும் பிற்படுத்தப்பட்ட பட்டதாரிக்கும் உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

மசோதா குடியரசுத் தலைவர் வழியாக உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. 1958 மே மாதம் வெளிவந்த கருத்துரையில், தலைமை நீதிபதி எஸ்.ஆர்.தாஸ் தலைமையிலான பெரும்பான்மை நீதிபதிகள் சில பிரிவுகளைச் சிறுபான்மையினர் பொருட்டு ஏற்க மறுத்தனர். ஆனால் ஆசிரியர் நியமனம் பற்றிய 11ஆவது பிரிவை அனுமதிக்கத்தக்க ஒழுங்குமுறை என்றே ஏற்றுக்கொண்டனர். நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கெட நிர்வகிக்கும் உரிமையாகாது என்ற கோட்பாடும் அந்தக் கருத்துரையில்தான் பிறந்தது.

நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதைத் திருச்சபைத் தலைமையும், நாயர் சர்வீஸ் சொசைட்டியும், நிலவுடைமையாளர்களும், காங்கிரசும் ஏற்றுக்கொள்ளவில்லை. நிலச்சீர்திருத்தத்தின்மீது கொண்ட ஆத்திரமும் சேர்ந்து, 1959 ஜூனில் ‘விமோசன சமரம்’ வெடித்தது. நம்பிக்கைக்கு ஆபத்து என்று சொல்லி, திருவனந்தபுரம் கடற்கரையின் மீனவர்கள் தெருவுக்கு அழைத்து வரப்பட்டனர். அங்கமாலியிலும் தலைநகரின் கடலோரத்திலும் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூடுகளில் உயிரிழந்தோர் ஏழைகள். செறியதுறையில் கொல்லப்பட்டவர் கருவுற்றிருந்த ஒரு மீனவப் பெண். அந்த மரணங்கள் இடதுசாரி இயக்கத்தின் நெஞ்சிலும் ஆறாத வடுக்களே. ஆனால் ஒரு கேள்வி அறுபது ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. யாருடைய நியமன அதிகாரத்தைக் காக்க அந்த மீனவர்கள் முன்வரிசைக்கு அனுப்பப்பட்டனரோ, அவர்களுடைய கல்லூரிகளில் அந்தக் கடற்கரையின் பேரக்குழந்தைகள் எத்தனை பேர் பேராசிரியராக அமர்ந்திருக்கிறார்கள்?

1959 ஜூலை 31 அன்று ஒன்றிய அரசு, பெரும்பான்மை கொண்ட ஒரு மாநில அரசைப் பதவி நீக்கியது. 11ஆவது பிரிவின் திட்டம் அதற்குப் பின் உயிர்பெறவே இல்லை.

கல்லூரிகளில் தொடரும் அதே கதை

1972-இல், அச்சுத மேனன் ஆட்சிக் காலத்தில், தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்கும் அரசே நேரடியாக ஊதியம் வழங்கும் முறை வந்தது. நிர்வாகம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதிச் சம்பளம் கொடுத்த காலம் முடிவுக்கு வந்தது. ஆசிரியர் சங்கங்களின் நீண்ட போராட்டத்தின் பலன் அது. ஆனால் ஊதியம் மட்டுமே பொதுவானது. நியமனம் நிர்வாகத்தின் கையிலேயே தங்கிவிட்டது.

இன்றுவரை நிலைமை அதுதான். பணியிடத்துக்கு அனுமதி அரசிடமிருந்து, தகுதி விதிகள் பல்கலைக்கழக மானியக் குழுவிடமிருந்து, மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் திருவனந்தபுரத்துக் கருவூலத்திலிருந்து. யாரை நியமிப்பது என்பது மட்டும் மறைமாவட்டத்தின் அல்லது துறவற சபையின் முடிவு. முதல்வர் பதவிக்கு மூப்பும் தகுதியும் பார்க்க வேண்டும் என்கிறது கேரளப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 57(3) பிரிவு. அது சிறுபான்மைக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2006 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கைக் கொண்டுசென்றது மலங்கரை சிரியன் கத்தோலிக்கக் கல்லூரிகளின் நிர்வாகம். அரசு உதவி பெறுவதால் அந்தச் சுதந்திரம் குறைந்துவிடாது என்றும் நீதிமன்றம் கூறியது. இருபது, முப்பது ஆண்டுகள் கற்பித்த மூத்த ஆசிரியர், தான் நிர்வாகத்தின் நம்பிக்கைக்கு உரியவராக இல்லாத ஒரே காரணத்தால் ஒதுக்கப்பட்டால், முறையிட அவருக்கு இந்தச் சட்டம் துணை நிற்காது.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உதவிபெறும் கல்லூரிகளின் ஆசிரியர் நியமனத்தில் இட ஒதுக்கீடு இல்லை. 2015-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, அது வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது ஒரு கதவு திறந்தது. 2017-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதைச் சாத்தியது. இந்த வழக்கில் மேல்முறையீட்டுக்குப் போனவை நாயர் சர்வீஸ் சொசைட்டியும் எஸ்.என்.டி.பி. யோகமும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நியமன அதிகாரம் என்று வந்துவிட்டால் சிலுவைக்கும் விளக்குக்கும் வேறுபாடு இல்லை. சாதி, மத நிர்வாகங்கள் அனைத்தும் ஒரே அணியில் நிற்கின்றன. உதவிபெறும் நிறுவனங்களில் ஒரு பணிக்குப் பெருந்தொகை கைமாறுகிறது என்பது கேரளத்தில் ஊரறிந்த பேச்சு. அந்தச் சந்தையில் தலித் பட்டதாரி விலை கேட்கக்கூட முடியாது.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நிலவுவதை அந்த ஆவணம் ஒப்புக்கொண்டது. பாராட்டத்தக்க நேர்மை. ஆனால் ஒப்புதல் வாக்குமூலத்துக்குப் பின் பரிகாரம் வேண்டும் என்பது அவர்களது சமயமே கற்பிக்கும் பாடம். தம் கல்லூரிகளின் ஆசிரியர் பணிகளில் தலித்துகளுக்கும் தலித் கிறித்தவர்களுக்கும் உரிய பங்கை ஒதுக்க எந்தச் சட்டமும் ஆயர்களைத் தடுக்கவில்லை. நாளைக் காலையே செய்யலாம்.

கருவூலத்துக்கும் மடத்துக்கும் இடையிலுள்ள உறவை இன்னொரு வழக்கும் வெளிச்சமிட்டது. உதவிபெறும் நிறுவனங்களில் கற்பிக்கும் அருட்சகோதரிகளும் குருக்களும் பெறும் ஊதியத்துக்கு வருமான வரிப் பிடித்தம் கூடாது என்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் துறவற சபைகள் வழக்காடின. வறுமை வார்த்தைப்பாடு எடுத்த துறவியர் திருச்சபைச் சட்டப்படி உலகியல் வாழ்வில் இறந்தவர்களுக்கு ஒப்பானவர்கள், அவர்கள் ஊதியம் சபைக்கே சேருகிறது என்பது அவர்கள் வாதம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. வேலை செய்து ஊதியம் பெறுபவர் எவராயினும் நாட்டின் சட்டம் ஒன்றே. வகுப்பறையில் நாள்தோறும் நின்று உழைக்கும் அந்தச் சகோதரிகள்மீது எவருக்கும் மனக்குறை இல்லை. அவர்கள் உழைப்பின் ஊதியம் எங்கே போகிறது, எதற்குச் செலவாகிறது என்று கேட்க, அதை வழங்கும் மக்களுக்கு உரிமை உண்டு என்பதே செய்தி.

நியூமன் கல்லூரி: விழுமியத்தின் சோதனை

விழுமியம் என்ற சொல்லுக்குக் கேரளம் கண்ட மிகக் கடுமையான சோதனை தொடுபுழாவில் நடந்தது. கோதமங்கலம் மறைமாவட்டத்தின் நியூமன் கல்லூரியில் மலையாளப் பேராசிரியர் டி.ஜே.ஜோசப். 2010 மார்ச்சில் அவர் தயாரித்த ஒரு வினாத்தாளில், நிறுத்தக்குறி இடுவதற்காகக் கொடுத்த உரையாடல் பகுதியில் வந்த ஒரு பெயர் சர்ச்சையானது. கல்லூரி அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. காவல்துறை அவர்மீது வழக்குப் பதிந்து கைது செய்தது. அன்று ஆட்சியில் இருந்தது இடது ஜனநாயக முன்னணி என்பதை மறைக்க வேண்டியதில்லை. கலவரம் மூளாமல் தடுக்கும் அவசரத்தில் ஓர் ஆசிரியரைக் குற்றவாளியாக நிறுத்தியது பிழை. 2013-இல் நீதிமன்றம் அவரை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

அதற்கு முன்பே, 2010 ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை, மூவாற்றுப்புழாவில் தேவாலயத்தில் திருப்பலி முடித்துக் குடும்பத்தாருடன் திரும்பிய அவரது காரை மறித்து, மதவெறிக் கும்பல் ஒன்று அவரது வலது கையை வெட்டி எறிந்தது. பாப்புலர் ஃபிரண்ட் அமைப்பைச் சேர்ந்தோர் பின்னர் தேசியப் புலனாய்வு முகமை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அந்த மனிதருக்குக் கத்தோலிக்கக் கல்லூரி என்ன செய்தது? வெட்டுண்டு இரண்டு மாதங்கள் ஆவதற்குள், 2010 செப்டம்பர் தொடக்கத்தில், அவரைப் பணியிலிருந்தே நீக்கியது. ஊதியம் நின்றது. நீக்கத்தை நியாயப்படுத்தி மறைமாவட்டம் தன் கோவில்களில் சுற்றுமடல் வாசிக்கச் செய்தது. கை வெட்டியவர்கள் ஒரு மதத்தின் பெயரால் வெட்டினார்கள். வேலை பறித்தவர்கள் மத நல்லிணக்கத்தின் பெயரால் பறித்தார்கள். நான்கு ஆண்டுகள் அந்தக் குடும்பம் வறுமையிலும் மன உளைச்சலிலும் உழன்றது. 2014 மார்ச்சில் அவர் மனைவி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கேரளம் கொதித்த பிறகே, மார்ச் மாதத்தின் கடைசி நாட்களில் கல்லூரி அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மார்ச் 31 அவர் ஓய்வு பெறும் நாள்.

இங்கே கேள்வி ஒரு நிர்வாகத்தின் கல்மனம் பற்றியது மட்டுமல்ல, அமைப்பு பற்றியது. அரசுச் சம்பளம் பெறும் ஓர் ஆசிரியரின் வாழ்வாதாரம் ஓர் ஆயர் இல்லத்தின் கணக்கீட்டைச் சார்ந்திருக்கும்போது, கருத்துச் சுதந்திரம், மனச்சான்று, இரக்கம் எல்லாமே அந்தக் கணக்கீட்டின் தயவில்தான் வாழ வேண்டும்.

இதில் ஒரு கசப்பான முரணும் உண்டு. அந்தக் கல்லூரி தாங்கியிருப்பது கர்தினால் ஜான் ஹென்றி நியூமனின் பெயர். டப்ளினில் 1854-இல் தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் அவர். பல்கலைக்கழகத்தின் நோக்கம் சமயப் பயிற்சியாக இருந்தால் அது எவ்வாறு இலக்கியத்துக்கும் அறிவியலுக்கும் இருப்பிடமாக முடியும் என்று வினவியவர். திருச்சபையின் துணை பல்கலைக்கழகத்துக்கு வேண்டும் என்றே அவரும் எழுதினார். எனினும் அன்றாட நிர்வாகத்தில் பேராயர் கல்லன் குறுக்கிட்டபோது கருத்து வேறுபாடு முற்றி, 1858-இல் பதவியை விட்டு விலகினார். அவர் 2019 அக்டோபர் 13 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே மேடையில் கேரளத்தின் அருட்சகோதரி மரியம் திரேசியாவும் புனிதராக்கப்பட்டார். சிலை வைப்பது எளிது, அந்தச் சிலைக்கு உரியவரின் கேள்விக்கு விடை சொல்வதே கடினம்.

கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் குறித்துத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1990-இல் வெளியிட்ட ஆணை, பல்கலைக்கழகத்தின் எல்லாச் செயல்பாடுகளிலும் கத்தோலிக்கப் போதனையின் தாக்கம் இருக்க வேண்டும் என்கிறது, கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர்கள் பெரும்பான்மையாகிவிடக் கூடாது என்கிறது. ஒவ்வொருவரின் மனச்சான்றுச் சுதந்திரமும் மதிக்கப்பட வேண்டும் என்றும் அதே ஆணை சொல்கிறது. திருச்சபை தன் சொந்தப் பணத்தில் நடத்தும் இறையியல் கல்லூரிக்கு முதலிரண்டு விதிகளையும் வைத்துக்கொள்ளட்டும். மக்கள் பணத்தில் நடக்கும் கல்லூரிக்குப் பொருந்துவது மூன்றாவது விதி ஒன்றுதான்.

மாணவர் விஷயத்திலும் இதே மனப்பான்மைதான். பாலாவில் உள்ள புனித தாமஸ் கல்லூரி தொடர்பான வழக்கில், வளாகத்தில் அரசியல் நடவடிக்கையைத் தடை செய்ய நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்று 2003-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. அதன்பின் வளாகம் தோறும் தடைகள் பெருகின. வாக்குரிமை பெற்ற பதினெட்டு வயது இளைஞர் நாட்டின் பிரதமரைத் தேர்ந்தெடுக்கலாம், தன் கல்லூரியில் கொடி பிடிக்கக் கூடாதாம். மாணவர் சங்கம் இல்லாத வளாகத்தில் மாணவரின் குறையைக் கேட்பவர், குறைக்குக் காரணமானவரே.

இரக்கத்தின் கட்டணச் சீட்டு

2001-இல் ஏ.கே.அந்தோணி தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசு, சுயநிதித் தொழிற்கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. இரண்டு சுயநிதிக் கல்லூரிகள் ஓர் அரசுக் கல்லூரிக்குச் சமம், பாதி இடங்கள் அரசுக்கு வந்துவிடும் என்பது அவர் சொன்ன கணக்கு. அனுமதி கிடைத்த பின் நிர்வாகங்கள் அந்தக் கணக்கை மறந்தன. தாம் ஏமாற்றப்பட்டதாக அந்தோணியே பின்னர் வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தது.

2005 ஆகஸ்டில் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உதவிபெறாத தனியார் கல்லூரிகளின் இடங்களை அரசு எடுத்துக்கொள்ள முடியாது என்றது. அதைச் சரிசெய்யக் கொண்டுவரப்பட்ட 93ஆவது அரசமைப்புத் திருத்தம், சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்களித்தது. 2006-இல் வி.எஸ்.அச்சுதானந்தன் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசு, கட்டணத்தையும் மாணவர் சேர்க்கையையும் ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2007 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்தக் காலம் முழுவதும் திருச்சபைகளின் கூட்டமைப்பு எடுத்த நிலை கவனத்துக்குரியது. திருச்சூரின் ஜூபிலி மிஷன், அமலா, திருவல்லாவின் புஷ்பகிரி ஆகிய கத்தோலிக்க மருத்துவக் கல்லூரிகளை உள்ளடக்கிய அந்த அணி, எல்லா இடங்களுக்கும் ஒரே கட்டணம் என்பதில் உறுதியாக நின்றது. வசதி படைத்தவரிடம் கூடுதலாக வாங்கி ஏழை மாணவரின் கட்டணத்தைக் குறைப்பது அநீதி என்பது அதன் வாதம். கூலித் தொழிலாளியின் மகளுக்கும் தோட்ட முதலாளியின் மகனுக்கும் ஒரே தொகை என்பது கேட்பதற்குச் சமத்துவம். நடைமுறையில் தொழிலாளியின் மகள் விண்ணப்பமே போடமாட்டாள். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணின் கதையை ஞாயிறு தோறும் விளக்கும் சபைக்கு, ஒரே தொகையின் எடை எல்லாத் தோள்களிலும் ஒன்றல்ல என்பது தெரியாததா?

சங்கிகளின் வாதம் அல்ல இது

இந்த விமர்சனத்தைக் கேட்டதும் எழும் முதல் குரல், ‘இது சிறுபான்மையினர் மீதான தாக்குதல்’ என்பது. நாட்டின் இன்றைய நிலையில் அந்த அச்சத்தை எள்ளி நகையாட முடியாது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டின் ஆதிவாசிகளுக்காக வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி, பொய்யாகப் புனையப்பட்ட பீமா கோரேகான் வழக்கில் சிறைவைக்கப்பட்டு, 2021 ஜூலை 5 அன்று பிணை கிடைக்காமலேயே மாண்டார். 2025 ஜூலையில் சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் கேரளத்தைச் சேர்ந்த இரண்டு அருட்சகோதரிகள் பஜ்ரங் தளத்தின் கூச்சலை அடுத்துக் கைது செய்யப்பட்டனர். அந்த இரு தருணங்களிலும் தெருவில் இறங்கியவர்கள் இடதுசாரிகள். நாளையும் இறங்குவார்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு தரும் சிறுபான்மையினர் உரிமையைப் பறிக்கச் சங் பரிவாரம் துடிக்கிறது. அந்த உரிமை காக்கப்பட வேண்டும். ஆனால் எதற்காகத் தரப்பட்டது அது? பெரும்பான்மையின் ஆதிக்கத்தில் ஒரு சமூகம் தன் கல்வியையும் பண்பாட்டையும் இழந்துவிடாமல் இருப்பதற்காக. அரசுச் சம்பளப் பணியிடங்களைத் தன் விருப்பப்படி பங்கிடுவதற்கும், தலித்தை வாசலில் நிறுத்துவதற்கும், கை வெட்டுண்ட ஆசிரியரைத் தெருவில் விடுவதற்கும் தரப்பட்டதல்ல. உரிமையை இவ்வாறு மலினப்படுத்தும் ஒவ்வொரு நிர்வாகமும், அந்த உரிமையையே ஒழிக்க நினைப்போருக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறது.

2025 ஜூன் 25 அன்று, திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் ஆளுநர் பங்கேற்ற நிகழ்ச்சியில் காவிக்கொடி ஏந்திய பாரதாம்பா படம் வைக்கப்பட்டது. அனுமதியை ரத்து செய்த பதிவாளரைத் துணைவேந்தர் பணியிடை நீக்கம் செய்தார். மாணவர்கள் போராடினர். பொதுப் பல்கலைக்கழகத்தில் எந்த மதத்தின் சின்னமும் அதிகாரச் சின்னமாகக் கூடாது என்பதே அந்தப் போராட்டத்தின் அடிப்படை. அதே கொள்கைதான் மக்கள் பணத்தில் இயங்கும் கத்தோலிக்கக் கல்லூரிக்கும். மதச்சார்பின்மையை ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அது கொள்கையாகாது, பேரமாகிவிடும்.

நம்பிக்கையின் இன்னொரு முகம்

கத்தோலிக்க நம்பிக்கையும் ஏழைகளின் போராட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்குத் திருவனந்தபுரம் கடற்கரையே சாட்சி. இழுவைப் படகு முதலாளிகளுக்கு எதிராகப் பாரம்பரிய மீனவர்கள் 1980களில் நடத்திய போராட்டங்களில் குருக்களும் அருட்சகோதரிகளும் உண்ணாவிரதம் இருந்தனர், சிறை சென்றனர். அவர்களில் முன்நின்ற அருட்தந்தை தாமஸ் கோச்சேரி, தேசிய மீனவர் பேரவையின் தலைவராகி நாடெங்கும் மீனவர்களைத் திரட்டினார். வலை முடையும் பெண்ணின் அருகே அமர்ந்த அந்த நம்பிக்கைக்கு நியமன அதிகாரமோ கட்டணக் கவுண்டரோ தேவைப்படவில்லை. ஆயர் இல்லங்கள் விழுமியம் என்று பேசும்போது, இந்த மரபைத் தம் கல்லூரிகளின் சேர்க்கைப் பட்டியலிலும் நியமனப் பட்டியலிலும் காட்டட்டும்.

2025 மார்ச்சில் கேரளச் சட்டமன்றம் தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. 40 விழுக்காடு இடங்கள் கேரள மாணவர்களுக்கு, அதற்குள் மாநிலத்தின் இட ஒதுக்கீடு என்ற நிபந்தனைகள் அதில் உண்டு. இனி நிர்வாகங்களே பல்கலைக்கழகமாகலாம், பாடத்திட்டமும் பட்டமும் அவர்கள் கையில் வரலாம். சுயநிதிக் கல்லூரி விஷயத்தில் நிபந்தனைகள் எப்படிக் கரைந்தன என்பதைக் கண்ட மாநிலம் இது. நிபந்தனைகளைக் காக்கும் மக்கள் இயக்கம் இல்லையேல் அந்தச் சட்டமும் அதே வழியில் போகும்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. அரசு ஊதியம் வழங்கும் எல்லாக் கல்லூரிகளிலும், எந்தச் சமூகம் நடத்துவதாயினும், ஆசிரியர் நியமனம் வெளிப்படையான பொதுத் தேர்வுப் பட்டியலிலிருந்து நடைபெற வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீடு அதில் பின்பற்றப்பட வேண்டும். பணி நீக்கம் எதுவாயினும் பல்கலைக்கழகத் தீர்ப்பாயத்தின் முன் அனுமதியின்றிச் செல்லக் கூடாது. மாணவர் சங்கத் தேர்தலைச் சட்டம் உறுதிசெய்ய வேண்டும். இவற்றில் முதலிரண்டும் 1957-இல் பள்ளிகளுக்காக எழுதப்பட்டு, 1958-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, 1959-இல் தெருவில் வீழ்த்தப்பட்டவை. நாயர் சர்வீஸ் சொசைட்டியும் எஸ்.என்.டி.பி.யும் திருச்சபையும் சேர்ந்து எதிர்க்கும் என்ற தயக்கத்தில் இடதுசாரிகளும் இந்தக் கோரிக்கையை நெடுங்காலம் ஓரமாக வைத்திருந்தனர். அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள், முனைவர் பட்டம் பெற்று வேலையின்றித் திரியும் தலித், ஆதிவாசி, மீனவ இளைஞர்கள்.

தமிழ்நாட்டின் வாசகருக்கும் இது அண்டை வீட்டுக் கதையல்ல. பாளையங்கோட்டையிலும் திருச்சியிலும் சென்னையிலும் நூற்றாண்டு கண்ட கத்தோலிக்கக் கல்லூரிகள் உண்டு. அரசு ஊதியத்தில் அங்கும் ஆசிரியர்கள் பணிபுரிகின்றனர். சங்கங்கள் அங்கும் இதே கேள்விகளை எழுப்பி வருகின்றன. முண்டசேரி எழுதிய 11ஆவது பிரிவு கேரளத்தில் மட்டும் முடிக்கப்பட வேண்டிய வேலை அல்ல.